பச்சை நிறத்தில் என் ராத்தா

"மனுசர்ட மனசு போனுக்கு வெளங்குமா புள்ள? இதுக்குத்தானா உன்ன கெம்பசுக்கு அனுப்பின?" என்று மாமா கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான். சிரித்தேன். படித்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

நான் வேலை செய்யும் ஆய்வுக்குழு ஒரு செயலியைச் சோதித்துக்கொண்டிருந்தது. நடை, தூக்கம், பேச்சு, வெளியே போய்வருவது எல்லாவற்றையும் கவனித்து, மனச்சோர்வு வருமுன்பே அது சொல்லிவிடும். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் கவனம். எனக்கு மூத்தவளான ராத்தாவும் விரும்பிச் சேர்ந்தாள். மச்சான் மௌத்தாகி, கரைத்தீவு வீட்டில் அவள் இத்தா இருந்த காலம் அது.

கணவனை இழந்தவள் சில மாதங்கள் வீட்டோடு இருப்பாள் என்பது அந்த மகா அறிவாளிச் செயலிக்குத் தெரியாது. கடற்கரையில் உலாவி வரும்படி அன்பாகச் சொன்னது.

"போகத்தான் ஆசை. நீயே உம்மாக்கிட்டக் கேட்டுச் சொல்லு" என்று ராத்தா போனைப் பார்த்துச் சொன்னாள். துக்கம் விசாரிக்க வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். போனில் நிறம் சிவப்பு.

இத்தா முடிந்ததும் கருவாடு காயவைக்கும் வாடியில் வேலைக்குப் போனாள். பகல் முழுக்க நடை, வந்ததும் படுக்கை. உடனே பச்சை, கூடவே ஒரு பாராட்டு. எங்கள் குழுவுக்கும் மகிழ்ச்சி.

எனக்குத்தான் உறுத்தியது. பக்கத்து வீட்டு ஆடு என்ன தின்றது என்பது வரை குரல்பதிவில் எனக்குச் சொல்லுகிறவள், இப்போது இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். பேச்சுக் குறைந்ததைப் போனும் பதிந்தேயிருந்தது. ஆனால் எல்லோருடைய சராசரியோடு ஒப்பிட்டு, இவ்வளவு போதும் என்று முடிவெடுத்திருந்தது. என் ராத்தா எப்போது சராசரியாகப் பேசினாள்?

லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன்.

"என்ன ராத்தா, கதையக் காணல்ல?"

"என்னத்தக் கதைக்க. விடிஞ்சா எழும்பவே பயமா இருக்கு."

"போன் நல்லா இருக்கீங்கண்டு சொல்லுதே."

"அதுக்கென்ன. அது சார்ஜ்ல கிடக்குது."

மாமா விடுவாரா? "நான் அப்பவே சொன்னேனே."

"போனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு மாமா. யாரோட ஒப்பிடணும் எண்டுதான் தெரியல்ல."

ராத்தாவை ராத்தாவோடு மட்டும் ஒப்பிடுங்கள் என்று குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் கூட்டம் கூடிப் பேசுவார்கள், ஆறுதலாக, நேரமெடுத்துப் பேசட்டும். நான் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் முறைக்கான துண்டு எடுத்து, ராத்தாவோடு நீள மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். எங்களை ஏற்றிவந்த மாமா, திரும்பக் கூட்டிப்போக வெளியே ஓட்டோவில் காத்திருக்கிறார்.