சாம்பிராணிக்கு அடிக்காத மணி

தீ அபாய மணிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. பதுளையில் இருந்துகொண்டு, கூப்பிடுகிற தோட்டங்களுக்கெல்லாம் போவேன். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் பாடுவது ஒரே பாட்டு: மணி சும்மா சும்மா அடிக்கிறது, வந்து நிறுத்திக் கொடுங்கள். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்குமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால் ஹாலிஎலையில் பஸ் மாறும்போதே எனக்குக் கடுப்பு ஏறிவிடும்.

அன்றைக்குப் போனது என் அக்கா வேலை செய்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கு. வருடாந்தச் சோதனை. அக்காவும் இன்னும் ஐந்து பெண்களும் மேல்மாடியில் கொழுந்தை வாடப்போடுகிறவர்கள். அந்த மாடிக்கு ஒரே ஒரு மரப்படி, அதுவும் ஒரு மூலையில். பெரிய விசிறிகள் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. கீழே நெருப்புப் பிடித்தால் மேலே இருக்கிற ஆறு பேருக்கும் அதைச் சொல்ல மணியை விட்டால் வேறு நாதியில்லை.

சோதனைக்காக விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வைத்திருந்த தூபக்காலில் சாம்பிராணி போட்டு, புகையை உணர்கிற டிடெக்டருக்கு நேரே காட்டும்படி அக்காவை ஸ்டூலில் ஏற்றிவிட்டேன். கீழே வந்து, எல்லா மணி லைன்களும் வந்து சேருகிற பேனலுக்கு முன்னால் டீமேக்கரோடு நின்றேன். தொழிற்சாலைக்குப் பொறுப்பு அவர்தான். கீழ்மாடி லைன் ஏற்கனவே ஒழுங்காக அடித்திருந்தது. அடுப்புப் பக்கத்து லைனும் அடித்தது. இது மூன்றாவது.

"அடிக்குதா தம்பி?" மேலேயிருந்து அக்கா கேட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் காட்டு!"

அடிக்கவில்லை. பேனலில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. பயமே அந்தப் பச்சையால்தான் வந்தது. பேனலிலிருந்து கிளம்புகிற இரண்டு வயர் ஒவ்வொரு டிடெக்டராகத் தொட்டுப் போய், கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டரில் முடியும். அதன் வழியாகத் துளி மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் எங்கே அறுந்தாலும் மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். இங்கே மஞ்சளும் இல்லை, மணியும் இல்லை.

தேயிலைத் தூசி அடைத்திருக்கும் என்று மேலே ஓடினேன். கீழ்மாடியில் ஒழுங்காக வேலை செய்த டிடெக்டரைக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டினேன். அதுவும் ஊமையாகவே இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். வயரில் உயிரே இல்லை. இத்தனை நாளும் இந்த மாடிக்கு மணியே இருந்திருக்கவில்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. தடதடவென்று கீழே இறங்கினேன்.

"யாருங்க இந்த லைன்ல கை வச்சது? ஆறு பேரு உசுருங்க!" என்று டீமேக்கரிடம் கத்தினேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்கதாங்க. அன்னைக்கு மழையில வந்து செஞ்சிட்டுப் போனீங்களே, அதுக்கப்புறம் ஒருத்தரும் கிட்ட போகல."

பேனல் மூடியைத் திறந்தேன். மூன்றாவது லைனின் வயர்கள் கழன்று, முனையில் சிவப்பு டேப் சுற்றி, ஓரமாகச் செருகிக் கிடந்தன. ரெசிஸ்டர் பேனலிலேயே மாட்டியிருந்தது. பேனல் தன்னையே பார்த்துப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பு டேப் என் பைக்குள்ளும் ஒன்று இருந்தது.

எல்லாம் ஞாபகம் வந்தது. கூரை ஒழுகி ஒரு டிடெக்டருக்குள் தண்ணீர் இறங்கி, மணி நிற்காமல் அடித்த நாள் அது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாளைக்கு வந்து சரியாகப் பார்க்கலாம் என்று இப்படிச் செய்துவிட்டு ஓடினேன். மறுநாள் வெலிமடையில் வேறொரு வேலை வந்தது. அதோடு மறந்தே போனேன்.

ஞாபகப்படுத்தவும் ஆள் இருந்தது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை மேல்மாடியில் சாமி படத்துக்குச் சாம்பிராணி போட்டால் மணி அலறும். "சாமி வந்துருச்சு" என்று பெண்கள் சிரிப்பார்களாம். நான் பழுது பார்த்த பிறகு அந்தத் தொல்லை இல்லை என்று அக்கா வீட்டுக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னாள். டீமேக்கரே பாராட்டினாராம். அந்தப் புகைதான் வாராவாரம் எனக்குப் பதிலாகச் சோதனை செய்துகொண்டிருந்தது என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. பாராட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

டீமேக்கர் எனக்குப் பின்னால் நின்றார். என் முதுகு பேனலை மறைத்திருந்தது. இரண்டு நிமிடத்தில் வயரை மாட்டிவிட்டு, தூசி என்று சொல்லிவிடலாம். சொல்ல வாயும் எடுத்தேன்.

அப்போது அக்கா தூபக்காலோடு படியிறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மேல மணியே இல்லையா? போன மாசம் ஃபேன் பெல்ட்டு கருகி மேல முழுக்கப் பொகைடா. எல்லாரும் எறங்கி ஓடப் பாத்தாளுக. நான்தான் படிய மறிச்சு நிறுத்துனேன். என் தம்பி போட்ட மணி, நெருப்புன்னா அடிக்காம இருக்குமான்னு கேட்டேன். என் பேச்சை நம்பி எல்லாம் திரும்பிப் போச்சுக."

பேனலை விட்டு விலகி நின்றேன்.

"நான்தான்க்கா கழட்டி வச்சேன். மாட்ட மறந்துட்டேன்."

அக்கா அந்தச் சிவப்பு டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தோட்டத்து தொரைகிட்ட சொல்லாம இருக்க முடியாதுங்க" என்றார் டீமேக்கர். சொல்லுங்கள் என்றேன். வெட்கமாக இருந்தது.

துருப்பிடித்த டிடெக்டரை மாற்றி, ரெசிஸ்டரைக் கடைசி முனையில் மாட்டி, வயரைப் பேனலோடு இணைக்க மத்தியானமாகிவிட்டது. அக்கா மறுபடி ஸ்டூலில் ஏறினாள். இந்த முறை அடிக்குதா என்று கேட்கவில்லை. மணி அலறியது. ஐந்து பெண்களும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா கடைசியாக வந்தாள்.

"இனிமே வெள்ளிக்கெழம சாம்பிராணிய மொதல்ல இதுக்குத்தான் காட்டுவோம். அடிச்சாத்தான் மேல ஏறுவோம். நீ போட்டதுன்னு இனி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.