நர்ஸம்மா ஒண்ணும் சொல்லலையாம்!

நர்ஸ் வேலையில் ஊசி போடக் கற்றுக்கொள்வது சுலபம், வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்வதுதான் கஷ்டம் என்று திருச்சியில் எனக்குப் பயிற்சி கொடுத்த மேட்ரன் அம்மாள் அடிக்கடி சொல்வார். பாவம், அவர் அரியலூரில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு, கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, சத்தியம் செய்துவிட்டு இந்த வேலைக்கு வந்த சகோதரிகளே, இது உங்களுக்காக எழுதுவது. நோயாளியைப் பற்றித் தெரிந்ததை வெளியில் சொல்ல மாட்டேன், பொய் பேச மாட்டேன், யாரிடமும் அன்பளிப்பு வாங்க மாட்டேன் என்று நாம் எல்லோரும் சொன்னோம் இல்லையா? சொல்லும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நான் வரதராஜன்பேட்டைக்காரி. சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் ஊரார் சொல்லும் பாவத்தையெல்லாம் கேட்ட சாமியார் அதைப் பற்றி மூச்சுவிடாமல் இருப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். ரகசியம் காப்பது எனக்கு ஒரு பெரிய காரியமாகவே தோன்றவில்லை. வக்கீல்களும் வாத்தியார்களும் தபால்காரர்களும்கூட இதைப் படிக்கலாம். உங்கள் தொழிலிலும் ஏதாவது ஒரு சத்தியம் இருக்கும். நீங்களும் எங்கேயாவது திருதிருவென்று முழித்திருப்பீர்கள்.

முள் குத்தியவர்

அப்போது யுத்த காலம். பஸ்கூடக் கரியில்தான் ஓடியது. எங்கள் அரியலூர் ஆஸ்பத்திரி சின்னது: ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான், ஓர் ஆயா. எதிரே வண்டிப்பேட்டை. ஆஸ்பத்திரிக்குள் ஒருவர் தும்மினால் அங்கே மாடு அவிழ்க்கிறவர் ‘நூறு’ என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தையைப் படுக்க வைத்திருந்த ஓர் அம்மாள் பக்கத்துக் கட்டில்காரரைக் கண்ணால் காட்டி, “அவருக்கு என்னாங்க?” என்று கேட்டார். அவருக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. அவ்வளவுதான். நான் சத்தியத்தை நினைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, “அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா” என்றேன்.

அந்த அம்மாள் முகம் வெளிறிவிட்டது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் காலி. ஒன்றும் புரியாமல் கம்பவுண்டரைக் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். இந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ‘சொல்லக்கூடாது’ என்று சொன்னால் இரண்டே அர்த்தமாம். ஒன்று, ஆள் பிழைக்க மாட்டார். இல்லையென்றால், வெளியில் தலைகாட்ட முடியாத வியாதி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப் போய் முள் குத்தியவரைப் பார்த்தால், மனிதர் எழுந்து உட்கார்ந்து, மடியிலிருந்த சுருக்குப் பையை மனைவி கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை கூப்பினார்.

“நர்ஸம்மா, எனக்கு முள்ளுதானே குத்துச்சு? உள்ளதைச் சொல்லுங்க, நான் செத்துருவேனா?”

கோழி

சரி, வாயைப் பற்றிய சத்தியம்தான் இப்படி, கையைப் பற்றிய சத்தியமாவது சிக்கலில்லாமல் இருக்கும் என்று நினைத்தேன். குன்னம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்கு வண்டி கட்டிக் கொண்டுவந்தார்கள். குழந்தை நோஞ்சான். நானும் ஆயாவும் பஞ்சில் சுற்றி வைத்து, சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டித் தேற்றினோம். வீட்டுக்குப் போகிற அன்று அந்தப் பெண்ணின் புருஷன் ஒரு பெட்டைக் கோழியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். நான் வாங்க மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தினார். நான் இன்னும் கண்டிப்பாக மாட்டேன் என்றேன். உள்ளே கட்டிலில் இருந்த பெண் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

புள்ளை தங்காது என்று எனக்குத் தெரிந்திருக்கிறதாம், அதனால்தான் கோழியைத் தொட மறுக்கிறேனாம்! திக்கென்றது எனக்கு. நேர்மையாக இருந்ததற்கு ஒரு பச்சை உடம்புக்காரி இப்படியா அழ வேண்டும்? டாக்டரிடம் ஓடினேன். அவர் யோசித்து, கோழி ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாக இருக்கட்டும், முட்டையை நோயாளிகளுக்குக் கொடுக்கலாம் என்றார். கோழியை வாங்கிக் கொல்லைப்புறத்தில் கட்டினேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். அப்பாடா என்று இருந்தேன். பிறகு குழந்தையைக் காட்ட வந்த அந்த மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்:

“முட்டைய எல்லாம் நோயாளிங்களுக்கே குடுத்துடுறீங்களாமே? எங்க வூட்டுக் கோழி முட்டை ஒங்க வயித்துக்கு ஆவாதுங்களா?”

வக்கீல் குமாஸ்தா

ஒரு நாள் வரப்புச் சண்டையில் கை கிழிந்த ஒருவரை அழைத்து வந்தார்கள். மறுநாளே நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசிய ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து நின்றார். எதிர்க்கட்சி வக்கீலின் ஆள். காயம் அரிவாளால் பட்டதா, கல்லில் விழுந்து பட்டதா, ஒரு வார்த்தை என்னிடமிருந்து வேண்டும் என்றார். மாட்டேன் என்றேன். அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு நிதானமாக நின்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்கள் வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை நான் வந்து கேட்டால் சொல்வாரா? அவருக்கு ஒரு தர்மம், எனக்கு ஒரு தர்மமா?” என்றேன். குமாஸ்தா என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு அப்படியே உறைந்துபோனேன். இத்தனை வெளிப்படையாகவா ஒரு மனிதர் சொல்வார்!

“எங்க வக்கீலய்யா உசுரு போனாலும் வெளியில ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா, அடுத்தவங்க வூட்டு ரகசியத்தையும் விசாரிக்க மாட்டாரு, அதுக்குத்தானே என்னைய வச்சிருக்காரு.”

மரகதத்தின் தலை

இதுவரை சொன்னதையெல்லாம் நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மரகதம் விஷயத்துக்கு மட்டும் இன்றைக்கும் அப்படிச் சிரிக்க முடியவில்லை. செந்துறைப் பக்கத்துப் பெண். பெரம்பலூரில் மாப்பிள்ளை பார்த்து, பரிசம் போட்டு, கல்யாணத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து அவளுக்குப் பின்னந்தலையில் பெரிய கட்டி. டாக்டர் கீறிவிட்டார். அதற்காக உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழிக்க வேண்டியிருந்தது. கட்டியைக் கீறும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், மழித்த இடத்தைத் தடவிப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். மணையில் உட்காரப் போகிறவள் தலையில் கத்தி பட்டது தெரிந்தால் அபசகுனம் என்று நிறுத்திவிடுவார்களே என்று பயம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். “அடி பைத்தியமே, அதை நான் திருச்சியிலேயே செய்தாகிவிட்டது” என்றேன்.

ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டு அவள் வீட்டுக்குப் போன மறுநாள், மாப்பிள்ளையின் அக்காள் தனபாக்கியம் பஸ் ஏறி வந்துவிட்டார். எல்லாம் வண்டிப்பேட்டையின் உபயம். “எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணு இங்கே தங்கியிருந்துச்சாமே, என்ன ஒடம்புக்கு?” என்று கேட்டார். முள் குத்தியவரை நினைத்துக்கொண்டேன். அந்தப் பாழாய்ப் போன வார்த்தையை நான் சொல்லவே இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் என்னவென்று சொல்லுங்கள் என்றார். அவர்கள் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். தலையா, வயிறா என்றார். நான் தரையைப் பார்த்தேன். தனபாக்கியம் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தார்.

“வாயாலதான் சொல்லணும்னு இல்லைங்க. நீங்க சொல்லாததுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

நான் சொன்னது என்ன?

பஸ் பெரம்பலூர் போய்ச் சேருவதற்கு முன்பே பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. கல்யாணத்தை நிறுத்தப் போகிறார்கள் என்றார்கள். பெண்ணுக்குக் குஷ்டம் என்று ஒரு கட்சி. அதைவிடக் கேவலமாக, அவள் வயிற்றைப் பற்றி இன்னொரு கட்சி. அதை ஆயா என் காதோடு வந்து சொன்னார். தலையில் ஒரு கட்டி வந்த குற்றத்துக்கு ஒரு பெண்ணின் பேரை இப்படியா நாறடிப்பார்கள்! கம்பவுண்டர், “மலேரியாக் காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, முடிஞ்சுபோவும்” என்றார். பொய் சொல்ல மாட்டேன் என்பதும் அதே சத்தியத்தில்தானே இருக்கிறது? அந்தப் பெண்ணாகச் சொல்லச் சொன்னால் சொல்லலாம், அதுவரை நாம் எல்லோரும் ஊமைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் மரகதத்தின் அம்மா தலைவிரி கோலமாக ஆஸ்பத்திரிக்குள் வந்தார். பின்னாலேயே மரகதம், முக்காடு போட்டுக்கொண்டு, காயத்துக்குக் கட்டு மாற்ற. “எம் பொண்ணைப் பத்தி நீங்க என்னத்தச் சொன்னீங்க?” என்று அந்த அம்மாள் கத்தினார். மாதா சத்தியமாக நான் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அதைத்தான் தாயி நானும் கேக்குறேன்! நர்ஸம்மா ஒண்ணும் சொல்லலையாம், ஒண்ணும் சொல்லலையாம்னுதான் ஊரே எம் பொண்ணக் காறித் துப்புது!”

முக்காடு

அன்றைக்கே பெரம்பலூர்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். தனபாக்கியமும் அவர் அப்பாவும். டாக்டர் வாயால் கேட்டுவிட்டு, பரிசத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவதாக முடிவு. வராந்தாவில் பெரிய கூட்டம். வண்டிப்பேட்டையே மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து நின்றது. டாக்டர் சொல்ல மறுத்தார். தனபாக்கியம் என் பக்கம் திரும்பினார். சொன்னால் சத்தியம் போகிறது. சொல்லாவிட்டால் உள்ளே உட்கார்ந்திருக்கிற பெண்ணின் வாழ்க்கை போகிறது. இப்படி ஒரு நாள் வரும் என்று விளக்கைக் கையில் கொடுத்தவர்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மரகதம் வெளியே வந்தாள். “நர்ஸம்மா அவங்க சத்தியத்தக் காப்பாத்திட்டாங்க. எம் பேரை நான்தானே காப்பாத்திக்கணும்?” என்றாள். சொல்லிக்கொண்டே முக்காட்டை விலக்கித் தோளில் போட்டாள். அத்தனை ஆண்களுக்கும் முதுகைத் திருப்பி, காயத்துக் கட்டையும் அவிழ்த்து, மழித்த தலையைக் காட்டினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு கல்யாணப் பெண் இப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. தனபாக்கியத்தின் அப்பாதான் முதலில் பேசினார். “அட, முடிதானா? வளந்துட்டுப் போவுது” என்று தடுமாறினார். அபசகுனம் என்று சொல்ல வந்தவர்களுக்கும் வாய் அடைத்துவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் பெருமூச்சு விடுவதற்குள் மரகதம் நாத்தனாராகப் போகிறவர் பக்கம் திரும்பினாள்.

“பாத்தாச்சுல்ல? இப்ப ஒங்க தம்பியக் கூட்டியாங்க. எப்பவும் தலப்பாக்கட்டோடயே இருக்காராமே, அவரு தலையில என்ன இருக்குன்னு நானும் பாக்கணும்.”

தலைப்பாகை

தனபாக்கியம் பதிலே சொல்லவில்லை. தரையைப் பார்த்தார். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. நான் புத்தி வந்தவளாக என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். சத்தியத்தை விடவில்லை, எல்லோருக்கும் பொதுவாக்கினேன். சிரங்கா, சொல்லக்கூடாது. பல் வலியா, சொல்லக்கூடாது. டாக்டருக்கு ஏன் இருமல் என்று கேட்டால்கூடச் சொல்லக்கூடாது. முதலில் ஊர் நடுங்கியது. பிறகு குழம்பியது. கடைசியில் சலித்துப்போய், அந்த நர்ஸுக்குப் பேச்சே அவ்வளவுதான் என்று விட்டுவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பெண் வந்து தங்கிப் போனாலும் வண்டிப்பேட்டையில் யாரும் காது கொடுப்பதில்லை.

மரகதம் தலைப்பிரசவத்துக்கு எங்களிடம்தான் வந்தாள். முடி இடுப்புக்கு வளரவில்லை, ஆனால் கொண்டை போட முடிந்தது. ஆண் குழந்தை. பார்க்க வந்த புருஷன் புழுக்கத்தில் தன்னை மறந்து தலைப்பாகையை அவிழ்த்தார். எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு முடி இல்லை, தாம்பாளம்போலப் பளபளத்தது! அவர் வெளியே போனதும், “இது உனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டேன். மரகதம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

“அன்னைக்குக் கேட்டப்ப அண்ணி வாயே தொறக்கலியேம்மா. அவங்க சொல்லாததுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

சகோதரிகளே, இத்தனை பட்ட பிறகு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், நர்ஸாக இருப்பவள் ஊரிலுள்ள ஜலதோஷத்தையெல்லாம் சேர்த்துக் காப்பாற்றியாக வேண்டும்.