அமலோற்பவத்தின் குண்டூசிகள்

இரண்டு குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடியே, “நாளைக்கு ரெடி” என்கிறார் அமலோற்பவம். மைசூரு காந்திநகரில் அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் அதை நம்பி மறுநாள் வருவதில்லை. ஊசிகளை எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டுச் சொன்னால்தான் அது வாக்கு. அந்த வாக்கு இதுவரை பிசகியதில்லை.

பூர்விகம் ஹனூருக்கு அப்பால் ஒரு தமிழ்க் கத்தோலிக்க ஊர். அளவெடுப்பது கன்னடத்தில், செபிப்பது தமிழில். மரியாள் சென்மப் பாவமின்றி உற்பவித்தார் என்பதே அவருடைய பெயரின் பொருள். கடைப் பலகையில் அந்தப் பெயரைக் கன்னடத்தில் எழுத வந்த பெயிண்டர் மல்லப்பன், ‘அமலோர் பாவம்’ என்று எழுதிவிட்டுப் போனார். பலகை இன்னும் அப்படியே தொங்குகிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் தம்பி மதலைமுத்து சாப்பிட வருவார். அவர் கத்தோலிக்கத்தை விட்டு ஒரு ஜெபசபையில் சேர்ந்துவிட்டவர். குழம்பு ஊற்றுவதற்குள் பேச்சு போப்பாண்டவரிடம் வந்துவிடும்.

“அவரும் மனுசன்தானேக்கா? தப்பே பண்ணமாட்டாரா?”

“பண்ணுவாருடா. பாவசங்கீர்த்தனமும் பண்ணுவாரு. விசுவாச சத்தியம்னு, மொத்தத் திருச்சபைக்கும், அந்த ஆசனத்துல இருந்து சொன்னா, அப்ப மட்டுந்தான் தவறா வரம். மழை வரும்னு சொன்னா உன்னை என்னை மாதிரிதான்.”

“அப்படி எத்தனை சொல்லியிருக்காங்க?”

“ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு எம்பேரு.”

“உம்பேரு போர்டுல பாவம்னுல்ல இருக்கு?”

“மல்லப்பனுக்குத் தவறா வரம் கிடையாது. சும்னே சாப்பிடு.”

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேச்சு இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. மதலைமுத்துவின் மகள் பெனிட்டாவுக்குத் திருமணம். தாயை இழந்த அவளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர் இந்த அத்தைதான். ஆகவே அழைப்பிதழில் தாயின் இடத்தில் அவர் பெயர் வரவேண்டும். மரியாள் பாவமின்றி உற்பவித்தார் என்பதை ஏற்காத சபை மூப்பர்கள் அந்தப் பெயருக்குச் சம்மதிக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்த மதலைமுத்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அமலான்னு போட்டுக்கறேன்க்கா. இல்லேன்னா பேரே வேண்டாங்கறாங்க. சாயங்காலம் அச்சுக்குக் குடுக்கணும்.”

அமலோற்பவம் பெனிட்டாவின் வெள்ளைக் கல்யாண ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். தோள்பட்டைச் சுருக்கத்தை இருமுறை நீவிவிட்டார். பிறகு, ஊசிகள் உதட்டில் இருக்கும்போதே, “போட்டுக்கோ” என்றார்.

மதலைமுத்து கிளம்பவில்லை. அக்காவின் வழக்கம் அவர் அறியாததா?

“ஊசியை எடுத்துட்டுச் சொல்லுக்கா.”

அமலோற்பவம் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். பஞ்சுத் திண்டிலிருந்து இன்னோர் ஊசியை உருவி, இருந்த இரண்டோடு சேர்த்துக் கவ்விக்கொண்டார்.