பலாபத்வலையில் ஒரு நிமிடம்

கொரோனாக் காலத்தில் ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள், தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு மரக்கறி ஏற்றி வந்த நஸீர் நானாவின் லொறியில் ஏறிப் படம்பிடித்தோம். பலாபத்வலையில் கோவா மூட்டையை இறக்கும்போது அவர் இருமினார். சந்தியில் நின்ற நாலு பேர் பாய்ந்து வந்தார்கள்.

“வருத்தத்தக் கொண்டாந்து எங்களுக்குக் குடுக்கிறியா?”

பலகையால் அடித்தார்கள். பல்லொன்று தெறித்து என் சப்பாத்தில் விழுந்தது. எங்கள் கெமராக்காரர் கெமராவைப் போட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்து, தானும் அடிவாங்கினார். நான் என்ன செய்தேன்? காதில் ஹெட்போனோடு நின்று, அலறல் பதிவைக் கெடுத்துவிடுமே என்று ஒலியளவைக் குறைத்தேன்.

அடித்தவர்கள் போனதும் கெமராக்காரர் தண்ணீர் தேடி ஓடினார். நானா வீதியோரம் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தார். எந்த இடத்திலும் கிளம்புமுன், யாரும் பேசாத ஒரு நிமிட அமைதியைப் பதிவுசெய்வது எங்கள் வழக்கம். படத்தொகுப்புக்கு அது வேண்டும்.

“நானா, ஒரு நிமிஷம் சத்தம் போடாம இருங்க” என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டார். துணி சிவந்தது. ஒரு முனகல்கூட வரவில்லை. நிமிடம் முடிந்து நான் ஹெட்போனைக் கழற்றியதும் கேட்டார்:

“போதுமா தம்பி? இப்ப அழலாமா?”

அடித்தவர்களுக்குப் பயந்தது போலவே எனக்கும் பயந்திருக்கிறார்.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. தூரத்தில் ஒரு காகம் கரைகிறது. பக்கத்தில், ஒரு மனிதன் அழாமல் இருப்பது துல்லியமாகக் கேட்கிறது.