அவர் எண்ணுக்குப் போன ஓடிபி

என் கணவருக்கு விளையாட்டு தொடங்கும் முன்பே கோபம் தொடங்கிவிடும். கம்ப்யூட்டரில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். அதைத் திறக்க, விற்ற கம்பெனியின் லாஞ்சர் என்ற இன்னொன்றை முதலில் திறந்து, நெட் போட்டு, வாங்கியவன் நான்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

"நம்ம வீட்டுக்குள்ள போக வாட்ச்மேன்கிட்ட கேக்கணுமாக்கும்? என்னைக்காவது ஒருநா உள்ள விடமாட்டான் பாரு."

"விடலைன்னா வந்து சோறு தின்னுங்க" என்பேன்.

மதுரை கே.கே. நகர் வாடகை வீட்டில், ஞாயிறு மதியங்களில் இருவரும் சேர்ந்து கட்டிய ஊர் அது. சாலை அவர் பொறுப்பு, வீடுகள் என்னுடையவை. ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடவிட்டிருந்தார். மதுரைக்காரருக்கு இவ்வளவு ஆசை ஆகாது என்று கேலி செய்வேன். ஆற்றோரம் எங்களுக்கென்று ஒரு மாடி வீடு. மாடியில் இரண்டு நாற்காலி.

அவர் இறந்த பிறகு, அந்த ஊருக்குள் போய் உட்கார்ந்தால்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒருநாள் லாஞ்சர் தானாக அப்டேட் ஆகி, ஓடிபி கொடுத்தால்தான் விடுவேன் என்றது. ஓடிபி அவர் எண்ணுக்குப் போகும். அந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கம்பெனிக்கு எழுதினேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே எழுத வேண்டுமாம். நல்லா எழுதுவார், போங்கள்.

வேறு வழி தெரியாமல் அந்த எண்ணையே அழைத்தேன். போனில் அவர் படம் வந்தது. மணியும் அடித்தது. எடுத்தவர் அலங்காநல்லூரில் டிராக்டர் ஓட்டுகிறவர். எண் இப்போது அவருடையது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுல்லக்கா. இப்டி எதையாச்சும் சொல்லித்தான் ஏமாத்துறாய்ங்க."

அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். "நேர்ல வாரேன் தம்பி" என்றேன். சற்று யோசித்து, "வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் மனைவி டீ கொடுத்தார். நெட்டும் தன் போனிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னார் தம்பி. ஓடிபி வந்தது. தம்பி மெசேஜை ஒருமுறை, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

ஊர் திறந்தது. கணவனும் மனைவியும் குனிந்து பார்த்தார்கள்.

"ஆத்துல எம்புட்டுத் தண்ணி" என்றார் அந்தப் பெண். "இந்த மாடி வீடு யாருதுக்கா?"

"எங்க வீடு" என்றேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கையோடு கணக்கை என் எண்ணுக்கு மாற்றினேன். இனி ஓடிபி எனக்கே வரும். நாளைக்கு அந்தக் கம்பெனியே கடையை மூடினால் ஊர் என்னாகும் என்று தெரியாது. என் கணவர் இருந்தால் அதற்கும் இப்போதே திட்டியிருப்பார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து லேப்டாப்பை மேஜையில் வைத்தேன். போன் அடித்தது. திரையில் அவர் படம்.

எடுத்துக் காதில் வைத்தேன்.

"அக்கா, வீடு போய்ச் சேந்தாச்சா?"

"சேந்துட்டேன் தம்பி."

அந்தப் படத்தை நான் மாற்றவில்லை.