அக்காவின் ஆடிவிம்ப வகுப்பு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதும்படி வீட்டார் கேட்டார்கள். அவரிடம் நல்லதைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தொல்லையாக இருந்தது.

அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்தார். எங்கள் தகப்பன், ஐயா, துறைமுகத்தில் எழுதுவினைஞர். தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீடு எரிந்தபின் வெள்ளவத்தைக்கு வந்தோம். இருவரும் இரசாயனம் படித்து, வீட்டிலேயே வகுப்பெடுத்தோம். பரீட்சைப் புள்ளிகள் எனக்குத்தான் கூடுதல். ஆனால் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். முன்னறையில் இடமில்லாமல் படிக்கட்டிலும் இருந்து படித்தார்கள். பின்னறையில் என்னிடம் மூன்று பேர். சுவருக்கு அப்பால் சிரிப்பொலி கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

யுத்த காலத்தில் ஒருநாள், தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் வந்த அக்காவைச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். கைப்பையில் வகுப்புத் தாள்கள் இருந்தன. ஒரு தொடக்க இரசாயனச் சேர்வையிலிருந்து இன்னொன்றை ஆக்கும் படிமுறைகள், அம்புக்குறிகள், அமிலங்களின் பெயர்கள். குண்டு செய்யும் குறிப்போ என்று பொலிஸ் நிலையத்தில் தடுத்து வைத்தார்கள். இரசாயனம் தெரிந்த ஒருவர் வந்து விளக்கினால் விடுவார்களாம் என்று மாலையில் தகவல் வந்தது.

மறுநாள் காலை அம்மா சேலை மாற்றிக்கொண்டு நின்றார். "வா பிள்ளை, போவம்."

"அக்காட வகுப்பு இருக்கு அம்மா. பிள்ளையள் வந்து நிப்பினம். பின்னேரம் போவம்" என்றேன்.

அன்றைய பாடம் ஆடிவிம்ப மூலக்கூறுகள், கண்ணாடியில் தெரியும் உருவம்போல இடம்வலம் மாறியவை. ஒரு காபன் அணுவில் நான்கு வெவ்வேறு அணுக்கூட்டங்கள் இணைந்தால், அந்த மூலக்கூறும் அதன் ஆடிவிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. இடது செருப்பில் வலது காலை நுழைக்கச் சொன்னேன். அது அக்காவின் உத்தி. சுவருக்கு இப்பால் இருந்து கேட்டு வைத்திருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "மிஸ், இப்ப நல்லா விளங்குது" என்றாள் ஒருத்தி. அக்கா இன்னும் இரண்டு நாள் வராவிட்டால்தான் என்ன என்று நினைத்தேன். ஓம், அப்படித்தான் நினைத்தேன்.

பின்னேரம் பொலிஸ் நிலையத்துக்குப் போய், அந்தத் தாள்களில் இருப்பது பரீட்சைக் கேள்வி என்று சிங்களத்தில் விளக்கி, பழைய வினாத்தாள் ஒன்றையும் காட்டினேன். அரை மணித்தியாலத்தில் விட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார்: "பிள்ளையளுக்கு ஆர் வகுப்பெடுத்தது?"

"நான்தான்."

"விளங்கினதாமோ?"

"ஓம்."

"அப்ப அந்த வகுப்பை நீயே வச்சிரு. எனக்கு மற்ற வகுப்புகள் போதும்."

பறிக்க நினைத்ததை அவர் தந்துவிட்டார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அக்கா நோயில் கிடந்த கடைசி மாதங்களில் முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த பழைய மாணவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடித்திரிந்த கீழ்வீட்டுச் சிங்களக் குடும்பத்தினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த மாணவர்கள் அக்காவின் கையைப் பிடித்து அழுதபோதுகூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

அக்கா, அன்று காலையிலேயே நான் வந்திருக்கலாம். ஏன் பிந்தினாய் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

தங்கை