அம்மாவுக்கு மட்டும் வடியாத வீக்கம்

எங்கள் வீட்டில் இரண்டு கண்ணாடிக் கண்கள். அம்மாவுக்கு இடது, எனக்கு வலது. இருவருக்குமே குழந்தையிலேயே கண்ணுக்குள் புற்று வந்து எடுத்ததுதான். எங்கள் மலையில், குண்டூர் நாட்டு ஊர்களில் வேறெந்த வீட்டிலும் இப்படி இல்லை என்று ஏழு வயதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அம்மா அந்த ஒற்றைக் கண்ணோடு ஆண்களுக்குச் சரியாக மிளகு பறிக்க ஏறுவாள். பக்கக் கிளைகளைக் குச்சி குச்சியாக விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில்தான் ஏணி. அதில் நின்று பறிக்கும்போது முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டே இருக்கும். மிளகுக் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்குக் கால் வீங்கியிருக்கும். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுப்பார்கள். பறிப்பு முடிந்தால் வடிந்துவிடும். இரண்டாயிரத்தை ஒட்டி, எனக்கு ஏழு வயதான வருஷமும் எல்லாருக்கும் வடிந்தது. அம்மாவுக்கு மட்டும் வடியவில்லை.

"ஏணி இடிச்சதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்களா?" என்று அப்பா சிரித்தார். பெரியப்பா இன்னும் ஒரு சட்டி உப்பு வறுக்கச் சொன்னார். மறுநாள் காலையில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு சோளக்காடு ஊருக்குப் போய்ப் பஸ் ஏறிவிட்டாள். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே அடிவாரத்துச் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் காலை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மலைக்காரர்களுக்கு என்ன வரும் என்பது அவருக்கு அத்துப்படி. "ஏணி இடிச்ச வீக்கந்தாம்மா" என்று களிம்பு எழுதி நீட்டினார். அம்மா சீட்டை வாங்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

"இல்லீங்க. ஏணி இடிச்சதுன்னா இந்நேரம் வடிஞ்சிருக்கோணுமுங்க. இது எலும்புக்குள்ள வலிக்குதுங்க. நான் சின்னதுல கண்ணுல புத்து வந்து பொழச்சவ. அது பரம்பரையா வர்றதுங்களாம். பெரியவளானாலும் எலும்புல, சதையில வேற புத்து வரலாம், கட்டின்னா அசட்டையா உடாதேன்னு இவ கண்ண எடுத்த டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. எலும்பப் படம் எடுக்க எழுதிக் குடுங்க."

டாக்டர் மறுபடியும் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு களிம்புச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, எலும்பைப் படம் எடுக்கச் சொல்லிச் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். கையெழுத்துப் போடக்கூடத் தெரியாத என் அம்மா, படித்த டாக்டரையே மாற்றி எழுத வைத்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சேலத்தில் அது எலும்புப் புற்றுதான் என்றார்கள். சீக்கிரம் வந்ததால் உயிரும் தப்பியது, காலும் தப்பியது. இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறாள்; பேச்சு மட்டும் கொஞ்சமும் சாயவில்லை. அப்பா அதற்குப் பிறகு உப்பு வறுப்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நானும் வருஷம் தவறாமல் ஆஸ்பத்திரியில் உடம்பைக் காட்டி வருகிறேன்.

அன்று சேந்தமங்கலத்தில் கடிதத்தை வாங்கிய பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. என் தோளைப் பிடித்து டாக்டர் முன்னால் நிறுத்தினாள்.

"இவளுக்கும் அதே நோவுதானுங்க. இவ கையி காலையும் ஒருக்காப் பாருங்க. நில்லு சாமி."

டாக்டர் என் கை, கால், முதுகு எல்லாம் அழுத்திப் பார்த்தார். எனக்குக் கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்தேன். "ஒண்ணுமில்லம்மா, பாப்பா நல்லாருக்கா" என்றார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். தன் காலுக்கு ஒரு சொட்டுக்கூட அழாதவள், நன்றாக இருக்கிற என்னைப் பார்த்து எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.